உச்சிவெயிலில் பார்த்த கண்ணாடி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே,

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருத்தர் கேட்டார்: "அய்யா, பழைய போல்ட் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் வாங்கணும். தூரத்துக்கு அடிக்கணும், அடி தாங்கணும், காசும் கையைக் கடிக்கக் கூடாது. எதப் பாத்து வாங்குறது?" கேட்டதோடு விடவில்லை. துப்பாக்கி மேல் மாட்டுகிற அந்தக் கண்ணாடிக் குழல்களில் எது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், எதன் முகப்புக் கண்ணாடி எவ்வளவு அகலம் என்று அவரே பாடமாக ஒப்பித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீ வந்ததும் கோபம் இறங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் நாங்களும் இப்படித்தான் ஒப்பித்துக்கொண்டு திரிந்தோம்.

அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவன் ஆர்மரர் வேலைக்கு வந்திருக்கவே கூடாது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஆயுதப்படைப் பட்டறையில் நான் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் மாமனார் மட்டும், "போலீசுலதான் இருக்காரு. ஆனா உடுப்பெல்லாம் எண்ணெய்க் கறை" என்று இழுப்பார்.

எங்கள் படையில் சோணைமுத்து என்று ஓர் ஏட்டு இருந்தான். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சொந்தம் கிடையாது, ஆனாலும் ஒருத்தரையொருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தால் முந்நூறு கஜத்தில் அவனை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை. அதனால் பல வருஷமாகச் சுடும் அணியில் இருந்தான். அணியில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பயிற்சிக்காக மதுரையிலேயே வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களை முறை வைத்து மலைக் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள். போனால் ஒரு வருஷத்துக்குக் குறையாது.

சோணைமுத்துவுக்கு அந்தச் சலுகை உயிர் மாதிரி. ஒத்தக்கடையில் அவன் வீடு. அவனைப் பெற்ற ஆத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தாள். நல்ல ஆகிருதியான மனுஷி. அவன் பெண்டாட்டியோ ஊதினால் பறந்துவிடுவாள், அவளால் மாமியாரை அசைக்கக்கூட முடியாது. தினமும் காலையில் சோணைமுத்து ஆத்தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். சாயங்காலம் போய்த் திரும்பத் தூக்கிக் கட்டிலில் போடுவான். அவன் மலைக்குப் போனால் அந்தப் பொம்பளை வெளிச்சத்தையே பார்க்க முடியாது.

ஒருநாள் டீக்கடையில் அவன் பேப்பரை எட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடி மாப்ள. பேப்பர் வைகைக்கு அங்கிட்டுப் போயிரும்" என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

"வெள்ளெழுத்து வந்துருச்சுடா" என்றான். "முன்குறி மங்கலாத் தெரியுது. யாருகிட்டயும் சொல்லிறாத."

உங்களுக்குத் தெரியும், சாதாரணத் துப்பாக்கியில் கண்ணுக்கு மூன்று வேலை. பக்கத்தில் இருக்கும் பின்குறி, குழல் நுனியில் இருக்கும் முன்குறி, தூரத்தில் இருக்கும் இலக்கு. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு முன்குறி கரைந்துபோகும். வாசிக்கிற கண்ணாடி போட்டால் முன்குறி தெரியும், இலக்கு கரைந்துபோகும். ஸ்கோப் வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. குறியும் இலக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். சோணைமுத்துவின் கைக்கு வயசாகவில்லை, மூச்சுக்கு வயசாகவில்லை, கண்ணுக்கு மட்டும்தான் ஆகியிருந்தது.

அவன் நல்ல நேரம், அந்த வருஷம் மாநிலப் போட்டியில் ஸ்கோப் வைத்துச் சுடுகிற பிரிவு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். எங்கள் ஆய்வாளர் ஓடியாடி ஒரே ஒரு ஸ்கோப் வாங்க அனுமதி வாங்கிவிட்டார். சுடப்போவது சோணைமுத்து என்றும் முடிவானது. ஆனால் பெரிய அய்யா, அதாவது எங்கள் எஸ்.பி., ஒரு நிபந்தனை போட்டார். தன் கண்முன்னால் முந்நூறு கஜத்தில் பத்துக் குண்டு சுட வேண்டும். எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் அணியில் இடம். இல்லாவிட்டால் வேறு ஆள், சோணைமுத்து மலைக்கு.

கோரிப்பாளையத்தில் காதர் பாய் என்று ஒருவர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். நானும் ஆய்வாளரும் சோணைமுத்துவும் போனோம். பாய் எங்களை மொட்டைமாடிக்கு ஏற்றி, இரண்டு ஸ்கோப்பைத் துணி விரித்து வைத்தார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. முழங்கை நீளம், பளபளவென்று கறுப்பு, நடுவில் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் உருவம் பெரிதாகிக்கொண்டே போகும். இன்னொன்று பட்டாளத்தில் கழித்துவிட்டது. குட்டை, பித்தளை உடம்பு, பெயின்ட் உரிந்து கிடந்தது. ஒரே அளவுதான் காட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான். நெட்டைக்குக் கேட்ட விலையில் இதை இரண்டு வாங்கலாம்.

"பாருங்க ஜனாப். கோபுரத்துல பொம்மைக்கு எத்தன விரல்னு எண்ணிக்கலாம்" என்றார் பாய்.

தம்பிகளே, மதுரையில் யார் கண்ணாடி வாங்கினாலும் செய்கிற தப்பு இது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாடியில் நின்றுகொண்டு கோபுரத்தைப் பார்ப்பது. கோபுரம் எந்தக் கண்ணாடியில்தான் அழகாக இல்லை? ஆய்வாளர் நெட்டையை வாங்கிக் கண்ணில் வைத்தவர், "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டுக் கீழே இறக்கவே இல்லை. சோணைமுத்துவும் பார்த்து வாயைப் பிளந்தான். எனக்குக் குட்டைதான் பிடித்தது. அதற்குக் காரணம் பெரிய ஞானம் ஒன்றுமில்லை. அதன் திருகாணிகள் எல்லாம் எங்கள் பட்டறை ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்தின, அவ்வளவுதான். நெட்டைக்கு என்னிடம் கருவியே கிடையாது.

பாய் தங்கமான மனுஷர். "ரெண்டையும் கொண்டுபோயிச் சுட்டுப் பாருங்க. வேணாங்கிறதத் திருப்பிக் குடுங்க. நமக்குள்ள என்ன ரசீது?" என்றார். ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கியில் இரண்டையும் மாட்டினேன். மறுநாள் விடிந்தும் விடியாமலும் சுடுதளத்துக்குப் போனோம். எங்கள் பயிற்சி எப்போதும் விடிகாலைதான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் போகிற கூட்டம் நாங்கள். இரண்டையும் இலக்குக்குச் சரி செய்தோம். குளிர்ந்த காற்றில் நெட்டை ஜம்மென்று இருந்தது. முந்நூறு கஜத்தில் காகிதத்தில் விழுந்த ஓட்டையே தெரிகிறது என்று சோணைமுத்து குதித்தான். குட்டையும் சுட்டது, ஆனால் அதில் ஓட்டை தெரியவில்லை.

"முடிஞ்சுது. நெட்டதான்" என்றார் ஆய்வாளர். "ஆர்மரு, அந்தக் குட்டைய இன்னைக்கே கழட்டிப் பாய்கிட்ட குடுத்துரு."

"அய்யா, அடி தாங்குமான்னு பாக்க வேணாமா?"

"அத என்ன கடப்பாரைன்னு நெனச்சியா? தொட்டில்ல போட்டுத் தாலாட்டி வச்சுக்குவேன்யா நான்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. குட்டையைக் கழற்றவில்லை. நாளைக்குக் கழற்றலாம், நாளன்றைக்குக் கழற்றலாம் என்று அப்படியே விட்டேன்.

பெரிய அய்யா பார்க்க வருகிற நாள் வந்தது. காலையிலேயே வருவதாகப் பேச்சு. நகரத்துக்குள் திடீரென்று ஏதோ பந்தோபஸ்து வேலை வந்து, உச்சிப்பொழுதுக்குத் தள்ளிப் போட்டுவிட்டார். ஆய்வாளர் சோணைமுத்துவை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் முன்னால் போனார். நெட்டை மாட்டிய துப்பாக்கியைத் துண்டில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். சுடுகிறவருக்கு ஓர் உபரித் துப்பாக்கி தளத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த உபரிதான் குட்டை மாட்டியது. அதைப் பெட்டியில் வைத்து, குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைப் பாதுகாப்புக்காகக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, நான் லாரியில் பின்னால் போனேன்.

ஒத்தக்கடை தாண்டி மண் ரோட்டில் இறங்கியதும் லாரி மணலில் மாட்டிக்கொண்டது. டிரைவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் புதைந்தது. எனக்குப் பதற்றம். அந்த நேரம் திருவாதவூர்க்காரர் ஒருவர் வைக்கோல் இறக்கிவிட்டு வெறும் கட்டை வண்டியோடு வந்தார். கெஞ்சி ஏறிக்கொண்டேன்.

"பெட்டியில என்னண்ணே?" என்றார்.

"துப்பாக்கி."

"ஆத்தி! மாடு மெரளுமா?"

"மாடு மெரளாது. நாந்தான் மெரண்டு போயிருக்கேன். வெரசா ஓட்டுங்க."

வெரசாத்தான் ஓட்டினார். இரும்புப் பட்டை போட்ட சக்கரம், கீழே ஸ்பிரிங் கிடையாது, ஒரு பிடி வைக்கோல்கூட மிச்சமில்லை. என் பல்லெல்லாம் கடகடத்தது. வறண்ட வாய்க்காலைத் தாண்டும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. நான் கம்பைப் பிடிப்பதா பெட்டியைப் பிடிப்பதா என்று முழித்த நேரத்தில் பெட்டி பின்பக்கமாகச் சறுக்கி, கல்லின் மேல் மடேர் என்று விழுந்தது.

குதித்து ஓடித் திறந்தேன். துப்பாக்கிக்கு ஒன்றுமில்லை. குட்டையின் முகப்பு விளிம்பில் ஒரு நெளிவு. உள்ளே கண்ணாடி உடையவில்லை.

"ஒடஞ்சு போச்சாண்ணே?" என்றார் வண்டிக்காரர். முகம் வெளுத்திருந்தது.

"இல்லண்ணே. ஒங்க தப்பில்ல, ஏறுங்க" என்றேன். நெட்டைதானே சுடப் போகிறது, இது உபரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பாறைக் குன்றின் அடிவாரம், சுற்றிலும் அறுத்த வயல், நிழல் என்ற பேச்சே இல்லை. பெரிய அய்யா குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். சோணைமுத்து ஏற்கெனவே படுத்து, நெட்டையில் கண்ணை வைத்திருந்தான். கணக்கில் சேராத சோதனைக் குண்டு நான்கு உண்டு. முதல் இரண்டையும் அவன் சுட்டு முடித்திருந்தான். ஒன்று மேலே, ஒன்று அங்கிட்டுக் கடைசி ஓரத்தில்.

நான் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

"மாப்ள, டார்கெட்டு கொதிக்குதுடா" என்று கிசுகிசுத்தான். "ஒல கொதிக்கிற மாதிரி இருக்கு. கறுப்பு எங்கன இருக்குன்னே தெரியல."

நானும் பார்த்தேன். உண்மைதான். விடிகாலையில் ஓட்டையைக் காட்டிய அதே கண்ணாடி, உச்சிவெயிலில் கானலைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு வட்டம் நீண்டது, குறுகியது, இரண்டாகப் பிரிந்து சேர்ந்தது. கோபுரத்தைப் பார்த்தோம், பனியில் பார்த்தோம், இந்த நேரத்தில் ஒருத்தனும் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஆடுற மாட்ட ஆடித்தான்யா கறக்கணும். அது ஆடுறதுக்குத் தக்கன சுடு!"

நான் நடு வளையத்தைத் திருகி உருவத்தைச் சிறிதாக்கினேன். ஆட்டம் அடங்கியது. சோணைமுத்துவின் முகம் மலர்ந்தது. மூன்றாவது சோதனைக் குண்டைச் சுட்டான். இலக்குக்குக் கீழே குழிக்குள் இருந்தவர்கள் கம்பை உயர்த்தி, குண்டு பட்ட இடத்தைக் காட்டினார்கள். கறுப்புக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி. நான்காவதும் கிட்டத்தட்ட அதே இடம். வளையத்தைத் திருகியதும் குறியே இடம் மாறிவிட்டது. மலிவான வளையத்தில் இப்படி நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நெட்டை, விலையில்தான் உசத்தி. குறியைத் திருத்தலாம், ஆனால் திருத்தினால் எங்கே போய் நிற்கும் என்று சுட்டுப் பார்க்கக் குண்டு இல்லை.

"என்ன அங்க குசுகுசுன்னு?" என்றார் பெரிய அய்யா.

நான் எழுந்து விறைப்பாக நின்றேன். "அய்யா, உபரித் துப்பாக்கிய எடுத்துக்க அனுமதி வேணும்."

ஆய்வாளர் திரும்பினார். "குட்டையா? அதக் கழட்டச் சொன்னேன்ல?"

"கழட்டலங்கய்யா."

"ஏன்?"

"கோவத்துல கழட்டலங்கய்யா."

பெரிய அய்யாவின் மீசை லேசாக அசைந்தது. "எடுத்துக்க. ஆனா திரும்பச் சோதனைக் குண்டு கேக்கக் கூடாது. மொதக் குண்டுல இருந்தே கணக்கு."

போல்ட்டைப் பூட்டித் துப்பாக்கியைச் சோணைமுத்துவிடம் கொண்டுபோனேன். சொல்லாமல் கொடுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் பயந்துவிடுவான், பயந்தவன் கை ஆடும். ஆனால் சுடுகிறவன் அவன், மலைக்குப் போகப்போகிறவனும் அவன். தன் கையில் இருப்பது இன்னதென்று தெரியாமல் ஒருத்தனைச் சுடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"மாப்ள, கேட்டுக்க" என்றேன். "வர்ற வழியில வண்டியில இருந்து கீழ விழுந்துச்சு. கல்லு மேல. இந்தா பாரு நெளிவு. அதுக்கப்புறம் சுட்டுப் பாக்கல. நெட்டையில முழம் தள்ளிப் போகுதுன்னாச்சும் தெரியும். இதுல ஒண்ணுமே தெரியாது. எது வேணும்னு நீதான் சொல்லணும்."

அவன் கட்டை விரலால் அந்த நெளிவைத் தடவினான். கண்ணை வைத்து இலக்கைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சின்னதாத்தான் தெரியுது" என்றான். "ஆனா நிக்குதுடா."

"விழுந்தது மாப்ள அது."

"எங்காத்தாளும் விழுந்தவதான். இடுப்புதான் போச்சு, பார்வ எங்கடா போச்சு? தெருமொனையில நான் வரும்போதே சட்டையில பித்தான் போடலன்னு கத்துறா." சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் அணைத்துக்கொண்டான்.

முதல் குண்டு வெடித்தது. குழியிலிருந்து கம்பு எழவில்லை. காகிதத்திலேயே படவில்லையோ என்று நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்புறம் கம்பு மெல்ல மேலே வந்தது, ஆடியது, கறுப்பின் நடுவில் போய் நின்றது.

அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. எண்ணியது பெரிய அய்யா. முடிந்ததும் எழுந்து வந்து, சோணைமுத்துவின் தோளில் தட்டி, "ஒண்ணுதான்யா தப்புச்சு" என்றார். ஆய்வாளர் குட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெளிவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். என்ன திட்டு விழப்போகிறதோ என்று நின்றேன். "மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு" என்று முணுமுணுத்துவிட்டு ஜீப்புக்குப் போனார். அவரும் நல்ல மனுஷர்தான். போகும்போது இந்தத் தடவை நெட்டையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நெட்டையைக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தோம். குட்டையின் நெளிவைக் காட்டி, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றோம். பாய் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ்! இனிமே நானும் மத்தியானத்துலதான் காட்டணும் போல" என்று சிரித்தார். இப்போது உங்கள் அலமாரியில் இரண்டாவது தட்டில் ஒரு பித்தளை ஸ்கோப் இருக்கிறதே, "யாருய்யா இத வச்சுத் தேங்கா ஒடச்சது?" என்று நீங்கள் சிரித்தீர்களே, அதுதான் இது.

ஆகவே, எத்தனை மடங்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த நேரத்தில் சுடப் போகிறீர்கள், எந்த வழியில் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் பாருங்கள், அதே வழியில் உருட்டிக்கொண்டு போய்ச் சுட்டுப் பாருங்கள். வாங்கியதற்கு அடிபட்டால் சுடுகிறவனிடம் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சுட்டுக் காட்டிய அன்று சாயங்காலமே சோணைமுத்து என்னையும் ஒத்தக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் ஆத்தா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு முடிவு தெரியும் என்று மருமகள் சொல்லியிருந்தாள் போல.

"என்னடா, மலைக்கா?" என்றாள்.

"இல்லாத்தா. இங்கனதான்."

அவள் இரண்டு கையையும் நீட்டி, "தூக்கு. உள்ள போகணும்" என்றாள். அவன் குனிந்து அவளை ஏந்தினான்.

"மெதுவாடா. நெல்லு மூட்டையத் தூக்குற மாதிரி தூக்குறான் பாரு. அங்கிட்டு மலையில போயிப் பாறாங்கல்லத் தூக்க வேண்டிய பய, என்னயப் போட்டு உசுர வாங்குறான்" என்று என்னிடம் முறையிட்டாள்.

வசை நிற்கவே இல்லை, கட்டில் வரைக்கும் வந்தது. அவன் அவளைப் படுக்க வைத்து நிமிரப் பார்த்தான், முடியவில்லை. அவன் சட்டையை அவள் கொத்தாகப் பிடித்திருந்தாள்.